கடை தோற்கிற சீட்டாட்டம்

என் தங்கை பெனாசிர் கட்டிய சூதாட்டக் கடையில் பத்து லட்சம் ஆட்டம் ஆடி முடித்தபோது கடைக்காரனே தோற்றிருந்தான். மறுபடி பத்து லட்சம். மறுபடி தோற்றான். உலகத்தில் எந்தச் சூதாட்டக் கடையும் இப்படி நடந்துகொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நடந்துகொண்டிருந்தால் அது இந்நேரம் கல்யாண மண்டபமாக மாறியிருக்கும்.

பதற வேண்டாம். கடை இருந்தது அவளுடைய கணினிக்குள். ஆடியது மனிதர்கள் அல்ல, அவள் எழுதிவைத்த ஒரு நிரல். விருதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில், பத்து லட்சம் ஆட்டமும் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

வேலையைக் கொண்டுவந்தவன் நான்தான். என் பெயர் ஃபரீத். எங்களைப் பெற்ற அத்தா முகம்மது இஸ்மாயிலோடு பருப்பு மண்டியில் உட்காருகிறேன். எங்கள் பருப்புப் பைகளுக்கு அச்சடித்துக் கொடுப்பவர் சிவகாசி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி. காலண்டர், டைரி, வெடிப்பெட்டி லேபிள் எல்லாவற்றுக்கும் நடுவே 'கருமயில் மார்க்' என்று சீட்டுக்கட்டும் அடிப்பார். தீபாவளிக்கு நாம் வெடி போடுகிற நேரத்தில் வடக்கே பல வீடுகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து சீட்டாடுவார்கள். ஆகவே ஒரே பண்டிகைக்கு அவர் இரண்டு விதமாக லோடு ஏற்றுகிறார்: நிற்கிறவனுக்கு வெடி லேபிள், உட்காருகிறவனுக்குச் சீட்டு.

இந்த வருடம் அவருக்கு ஓர் ஆசை. சீட்டுப்பெட்டியின் மேல் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு அச்சடிக்க வேண்டும். வாங்குகிறவன் போனைக் காட்டினால் அதில் ஒரு கேம் திறக்க வேண்டும். அதுவும் பழைய காலத்துக் கேம் மாதிரி: புள்ளி புள்ளியாகப் படம், பச்சைத் துணி மேஜை, சீட்டு விழும்போது 'பீப்'. ஏன் பழசு என்று கேட்டேன். நாற்பது வருடமாகச் சீட்டின் டிசைனை மாற்றவில்லை, கேம் புதுசாக இருந்தால் சீட்டு பழசாகத் தெரியும் என்றார். இந்த யோசனைக்கே அவருக்குத் தனியாக ஒரு கமிஷன் கொடுக்கலாம்.

விலை பேசும்போது நான் ஒரு தொகை சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றாவது டீயில் இருவரும் சிரிப்பதை நிறுத்தினோம். அப்போது பெனாசிர் குறுக்கிட்டு, கேமின் உள்விவரம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இணையத்தில் போட அனுமதித்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணாச்சி அதில் தனக்கு என்ன நட்டம் என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. உடனே சம்மதித்து, விலையைக் குறைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் அது உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எதுக்குத் திறந்து போடணும்? எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவான்."

"நான் கேம் கட்டுற எஞ்சினே அப்படி வந்ததுதான்ணே. ஊர் உலகத்துல பல பேர் சேர்ந்து எழுதி, தெறந்து போட்டது. காசு கிடையாது."

"காசு கிடையாதுன்னா வேற எங்கனயோ வாங்குறான்னு அர்த்தம்."

"உள்ள போயித் தேடிப் பாரு."

தேடினேன். அரை மணி நேரம் திரையை உருட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் ஒருவிதமான மரியாதை வந்தது. மண்டியில் நாங்கள் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, உள்ளங்கை அளவு பருப்பைப் பார்த்துத்தான் முழு மூட்டைக்கும் விலை சொல்கிறோம். இங்கே யாரோ மூட்டையையே அவிழ்த்துத் தரையில் கொட்டிவிட்டு, நிதானமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் பைத்தியமா, நாம் பைத்தியமா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கஷ்டம் அத்தாவிடம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. அது மட்டுமில்லை. எங்கள் மாமி மகன் அன்வர் இரண்டு வருடத்துக்கு முன் போன் சீட்டாட்டத்தில் விழுந்தவன். முதல் வாரம் அவனை ஜெயிக்க விட்டார்கள். 'சும்மா பழகிப் பாருங்கள்' என்ற பகுதியில் தொட்டதெல்லாம் வெற்றி. அப்புறம் நிஜப் பணம், அப்புறம் அவன் மனைவி நசிமாவின் நகை, அப்புறம் மாமி வீட்டுப் பத்திரம். இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான் என்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் அத்தா எழுந்து வெளியே போய்விடுவார்.

அதனால் பெனாசிர் மறைக்காமல் நேரே போய்ச் சொன்னாள். பணம் கிடையாது, சிப்ஸ் என்கிற வெறும் வில்லைகள்தான், அதை எங்கும் காசாக மாற்ற முடியாது என்றாள். அத்தா முதலில் ஒன்று கேட்டார்.

"இதுல உக்காந்து ஆடுறவன் கடைசில ஜெயிப்பானா, தோப்பானா?"

"கொஞ்ச நேரம் ஜெயிக்கலாம் அத்தா. நாள் பூரா ஆடினா தோப்பான். ஆட்டமே கடைப்பக்கம் லேசாச் சாஞ்சுதான் இருக்கும். நூறு சிப்ஸ் வச்சா கடைக்கு அரைச் சிப் நிக்கும்."

"அரையா?" அத்தாவுக்கு ஆச்சரியம். அரை சதவீதத்தில் அவ்வளவு பெரிய கட்டடம் எல்லாம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று வியாபாரியாக ஒரு கணம் யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "உள்ளதை உள்ளபடி காட்டுறதுன்னா செய்யி. ஆடுறவன் தோக்கணும். ஜெயிக்கிற மாதிரி காட்டுனா, அன்வருக்குக் காட்டுனானே, அந்தக் கேமும் இதுவும் ஒண்ணுதான்."

அப்படி வந்தால் ஒப்படைக்க மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். இப்போது கடை தோற்கிறது. நூறு சிப்ஸுக்கு அரைச் சிப், ஆடுகிறவன் பக்கம்.

ஆட்டம் மிகவும் எளிது. பெயர் இருபத்தொன்று. சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் தோல்வி. படச்சீட்டு பத்து. ஏஸ் மட்டும் அரசியல்வாதி மாதிரி, தேவைப்பட்டால் ஒன்று, தேவைப்பட்டால் பதினொன்று. கடைக்காரன் பதினேழு வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்து, பதினேழில் நின்றுவிடுவான். ஒரே கட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கல்.

மூன்று நாள் அவள் தப்பைத் தேடினாள். நான் மண்டியை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாதவன் கேட்கிற கேள்விகளை எல்லாம் கேட்டேன். குலுக்குவதில் ஓரவஞ்சனையா? எஞ்சின் எப்படிக் குலுக்குகிறது என்று அதன் உள்ளே போய் வரி வரியாகப் படித்தாள். நேர்மையாகத்தான் குலுக்கியது. ஜெயித்தவனுக்கு அதிகமாகக் கொடுக்கிறோமா? இல்லை. கடைக்காரன் பதினேழில் நிற்காமல் திருட்டுத்தனமாகப் பதினாறில் நிற்கிறானா? இல்லை. கட்டில் சீட்டு குறைகிறதா?

"அம்பத்திரெண்டு. நாலு தடவை எண்ணிட்டேன்."

சீட்டுப் படங்களுக்கு அவள் மெனக்கெடவில்லை. வேலை பேசிய அன்றே அண்ணாச்சி, வெட்டாத அச்சுத் தாள் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்திருந்தார். ஒரு வரிசைக்கு ஒன்பது, ஆறு வரிசை, ஆக மொத்தம் ஐம்பத்து நான்கு சீட்டு ஒரே தாளில். அதை ஸ்கேன் செய்து, கணினியிலேயே கட்டம் கட்டமாக வெட்டி, புள்ளிப் படமாக்கி, இரண்டு ஜோக்கரைத் தூக்கிவிட்டு, மிச்சம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பைத் தட்டினாள். இருபத்தொன்றில் இஸ்பேட்டா கிளாவரா என்பது முக்கியமில்லை. எண் மட்டும் போதும். ஐம்பத்திரண்டு படம், ஐம்பத்திரண்டு எண். அச்சாபீஸிலிருந்து வந்த சீட்டில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்தோம். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் விலை சொல்லாத குடும்பம் நாங்கள்.

சனிக்கிழமை சிவகாசிக்குப் போனோம். திங்கட்கிழமை பெட்டி அச்சுக்கு ஏறுகிறது. கட்டக் கோடு அதற்குள் வேண்டும். எம். புதுப்பட்டிப் பக்கம் தொழிற்சாலை வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன. பெனாசிர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சரியாகவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். வழியெல்லாம் நான் வாங்கிய முன்பணத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு ஓட்டினேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

அண்ணாச்சி அலுவலகத்தில் போனை வாங்கி ஆடிப் பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் நூறு சிப்ஸ் நூற்று அறுபதானது. முகம் மலர்ந்துவிட்டது. இந்த வயதில் தனக்கு இவ்வளவு மூளை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்றார். வெளியே கணக்கெழுதிக்கொண்டிருந்த மகன் சபரிநாதனைக் கூப்பிட்டு அவனையும் ஆடச் சொன்னார். அவனும் ஜெயித்தான். எல்லாரும் ஜெயிக்க ஜெயிக்க என் தங்கையின் முகம் சுண்டிக்கொண்டே போனது.

சீட்டைத் தினமும் கையில் தொடுகிறவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அண்ணாச்சி தாராளமாகக் கையைக் காட்டினார்.

பின்கட்டில் நீள மேஜை. வெட்டிய சீட்டுகளைக் கட்டாக அடுக்கிப் பெட்டியில் போடுகிற இடம். டீ நேரம். மேஜைத் தலைமாட்டில் இருந்தவர் யோகலட்சுமி, இருபது வருடமாக அங்கே அடுக்குகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். போனைக் கொடுத்தபோது, எனக்குச் சீட்டு அடுக்கத்தான் தெரியும் ஆடத் தெரியாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெனாசிர் விடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் யக்கா என்று சொல்லித் தானே ஆடினாள்.

ஏழெட்டு ஆட்டம் போயிருக்கும். அவளுக்கு ஒரு இஸ்பேட் ஏஸ் விழுந்தது. கருமயில் தோகை விரித்து நிற்கும், கம்பெனிப் பெயர் போட்ட சீட்டு. அடுத்ததாகக் கடைக்காரன் தன் சீட்டைத் திருப்பினான். அதுவும் இஸ்பேட் ஏஸ்.

யோகலட்சுமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம் பாப்பா, இந்தக் கட்டு இன்னும் எம் மேசைக்கே வரலையே. அதுக்குள்ள எப்பிடி ஆடுறீக?"

பெனாசிர் நிமிர்ந்தாள். "எப்படிச் சொல்றீங்க யக்கா?"

"ரெண்டு மயில் நிக்குதுல்ல. ஒண்ண நான் எடுக்கணும். எடுத்துட்டு கிளாவர் ரெண்டைச் சொருகணும். சொருகலைன்னா அது கட்டா?"

பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மயில் சீட்டில் கறுப்பு மை தளும்பத் தளும்ப ஓடும். அதனால் அச்சில் அதிகம் கெடுவது அதுதான். ஒரு மயில் கெட்டுப்போனால் ஒரு கட்டே நின்றுபோகும். ஆகவே எப்போதோ ஒரு காலத்தில், தாளில் மயிலை இரண்டு இடத்தில் போட்டார்கள். இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாளில் இடம் ஐம்பத்து நான்குதான். எதையாவது வெளியே தள்ள வேண்டும். யாரும் கேட்காத சீட்டு கிளாவர் இரண்டு. அதைத் தூக்கி, பெட்டி அடிக்கிற தாளின் ஓரத்தில் வீணாகப் போகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். அது தனியாக வரும்; மேஜையில் யோகலட்சுமி சேர்ப்பார். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

பெனாசிர் தரையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பட்டியலில் பதினொன்றை எண்ணினாள். ஐந்து. இரண்டை எண்ணினாள். மூன்று.

"அஞ்சு ஏஸ்," என்றாள் என்னைப் பார்த்து. மூன்று நாளாகத் தூங்காத கண்ணில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "குலுக்கல் சரி, கடைக்காரன் சரி, எஞ்சின் சரி. மூட்டைதான்ணே தப்பு."

ஏஸ் கூடினால் ஆடுகிறவனுக்கு லாபம்: முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் அவனுக்கு ஒன்றரைப் பங்கு, கடைக்காரனுக்கு அது கிடையாது. சின்னச் சீட்டு குறைந்தாலும் ஆடுகிறவனுக்கு லாபம்: பதினேழு வரை எடுத்தே தீர வேண்டிய கடைக்காரன் அடிக்கடி இருபத்தொன்றைத் தாண்டுவான். இரண்டும் ஒன்றாக நடந்திருக்கிறது. ஒரே ஒரு சீட்டு இடம் மாறியதில் கடை சாய்ந்துவிட்டது என்பதை அவள் யோகலட்சுமிக்கு விளக்கினாள். யோகலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போ இருபது வருசமா நான் ஒரு கட்டுல மறந்திருந்தா எவனோ ஒருத்தன் ஜெயிச்சிருப்பான் என்றார். அதில் அவருக்கு வருத்தமில்லை என்று தோன்றியது.

அலுவலகத்துக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னோம். திருத்தப் பத்து நிமிடம் போதும் என்றாள் பெனாசிர்.

அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எதுக்குப் பாப்பா திருத்தணும்? நல்லாத்தானே இருக்கு."

"தப்பு அண்ணாச்சி. கடை தோக்குது."

"தோக்கட்டும். அது யாரு கடை? எவன் அழுகப் போறான்? ஆடுறவன் ஜெயிப்பான், சந்தோசமா இருப்பான், மயில் ராசியான சீட்டும்பான், இன்னொரு கட்டு வாங்குவான். இம்புட்டு நல்ல தப்பை நீ காசு வாங்காமப் பண்ணிருக்க. விடு."

நியாயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவர் பக்கம்தான் சாய்ந்தேன். வாங்குகிறவனே போதும் என்கிற சரக்கைச் சலித்துக் கொடுக்கிறவன் எங்கள் தெருவில் கிடையாது. அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னேன். பெனாசிர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க அத்தாட்ட ஒரு வார்த்தை குடுத்திருக்கேன் அண்ணாச்சி. இப்படியே குடுக்க மாட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

முன்பணத்தில் பாதி ஏற்கெனவே துவரையாக மாறி எங்கள் கிட்டங்கியில் கிடந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணாச்சியும் லேசுப்பட்டவரில்லை. திங்கட்கிழமை அச்சு, இன்றைக்கு வந்து இப்படிச் சொல்வது முறையா என்றார். பாய் மேல் மரியாதை உண்டு, ஆனால் பாய் ஆடப் போவதில்லையே என்றார். கட்டு வேறு, கேம் வேறு என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த அஞ்சாவது ஏஸுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"கம்பெனிப் பேரு."

"கேமோட உள்விவரம் எல்லாம் தெறந்து போடுறோம், நீங்க சம்மதிச்சது. வடக்க இந்தூர் டவுன்ல ஒரு பய அதைப் படிப்பான். எண்ணுவான். அஞ்சு ஏஸ், ரெண்டுல கருமயில் மார்க், படத்தோட போடுவான். கேம்ல தப்புன்னு போட மாட்டான். சீட்டுல தப்புன்னு போடுவான்."

அண்ணாச்சி மனதுக்குள் இந்தூர் வரை போய்விட்டுத் திரும்பி வருவது நன்றாகவே தெரிந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைக்காரர்கள் கட்டைப் பிரித்து ஏஸ் எண்ணுகிற காட்சியை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"அந்தத் தெறந்து போடுற சமாசாரத்தை விட்டுருவோமா?"

"அதுக்குக் குறைச்ச காசைத் திருப்பித் தரணும்ல," என்றேன் நான். எந்த வேளையிலும் வியாபாரி வியாபாரிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால்தான் தங்கை என்னை மன்னித்தாள் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி சபரிநாதனை அனுப்பிப் போன வருடப் பெட்டித்தாள் ஓரத்திலிருந்து ஒரு கிளாவர் இரண்டைக் கொண்டுவரச் செய்தார். அவள் அதை அங்கேயே படமெடுத்து, ஒரு மயிலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். பத்து லட்சம் ஆட்டம் ஓடத் தொடங்கியது. யாரும் டீயைத் தொடவில்லை. எண்கள் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் ஆடின. பிறகு ஒரு பக்கமாக நின்றன. நூறுக்கு அரைச் சிப்புக்குக் கொஞ்சம் குறைவு. கடைப்பக்கம்.

தோற்றுப்போன மனிதர் சும்மா எழுந்து போவாரா? கடை ஜெயிப்பது சரி, ஆனால் ஆரம்பத்தில் நூறு சிப்ஸ் என்பது கஞ்சத்தனம், ஆயிரமாகக் கொடு என்றார். வரைந்த சிப்ஸ்தானே, அச்சடிக்கிற செலவுகூட இல்லையே. அவள் இருநூறு என்றாள். அவர் எண்ணூறு என்றார். இல்லாத சிப்ஸுக்காக முக்கால் மணி நேரம் பேரம் நடந்தது. சிவகாசியில் அன்று நடந்த பேரங்களில் இதைவிட உக்கிரமானது வேறெதுவும் இருந்திருக்காது. ஐந்நூறில் முடிந்தது. அந்த ஐந்நூறையும் அவர் நாங்கள் கிளம்புவதற்குள் தோற்று முடித்தார்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து அத்தா வீட்டுக்கு வந்தபோது பெனாசிர் மடிக்கணினியை முன்னறையில் வைத்திருந்தாள். ஐந்து ஏஸ் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதையும் சொன்னாள். அத்தா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"ஆடு, பாப்போம்," என்றார்.

அவர் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்றபடியே பார்த்தார். அவள் ஜெயித்தாள், தோற்றாள், ஜெயித்தாள், தோற்றாள். அரை மணி நேரத்தில் ஐந்நூறு முந்நூறானது. முந்நூறு நூற்றைம்பதாகும்போது சரி என்று தலையசைத்தார். அத்துடன் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம் குனிந்து, திரையில் கடைக்காரன் பக்கம் விரலை நீட்டினார், தொடவில்லை.

"இவன் ஏன் பதினேழுல நிக்கிறான்?"

"அதுதான் விதி அத்தா."

"விதி சரி. ஏன் பதினேழு? பதினாறுல நின்னா என்ன, பதினெட்டுல நின்னா என்ன?"

பெனாசிர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரோ ஒருவன் ஒரு காலத்தில் ஏதோ காரணத்துக்காகப் பதினேழு என்று வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

"பாத்துருவோம்," என்று அவள் கேமின் உள்விவரத்தைத் திறந்து, பதினேழை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று தட்டினாள். அத்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.